இருபத்துநான்காவது கிணறு

2011 ஜூன் 9, வியாழன்

விடிந்ததிலிருந்து சாரல். மூக்கடைப்பு, தும்மல். 

நாகர்கோவிலிலிருந்து புட்டிகள் வந்து சேர்ந்தன. ஐம்பது. உள்ளே மருந்து தோய்த்த காகிதத் துண்டு ஒன்று. கிணற்றுத் தண்ணீரைக் கோடுவரை நிரப்பி மூடி வைத்தால் போதும். கழிவுக் கிருமி இருந்தால் ஒரு நாளில், மிஞ்சினால் இரண்டு நாளில் கறுத்துவிடும். இல்லாவிட்டால் நிறம் மாறாது. வீட்டு வேலைக்கு வரும் தங்கம் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது என்ன டீச்சர், இருமலுக்குள்ள மருந்தா? எடுத்துக் குடிக்க வேண்டியதுதானே. காலத்தேருந்து கொரைக்கியளே."

பேச்சைக் குறை என்றேன்.

செய்ய வேண்டியவை: புட்டிகளுக்கு எண் ஒட்ட. கயிறு, சிறு வாளி, வெந்நீர்ப் போத்தல். அளக்கும் நாடா (மறைந்த என் கணவருடையது, மேஜை இழுப்பறையில்). குடைக் கம்பி சரிசெய்ய. கண் சொட்டு மருந்து.

சுற்றுச்சூழல் அறிவியல் முதுகலை, தபால் வழி. எழுத்துத் தாள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆய்வேடு மட்டும் பாக்கி. ஐந்து ஆண்டு அவகாசத்தில் கண் அறுவைச் சிகிச்சை ஒன்றரை ஆண்டைத் தின்றது. கடைசி நாள் ஜூலை 15. அதைத் தாண்டினால் பதிவு ரத்து. மறுபடி முதல் ஆண்டு முதல் தாளிலிருந்து. வயது எழுபது.

தலைப்பு: நம் ஊரில் வீட்டுக் கிணற்றுக்கும் கக்கூஸ் தொட்டிக்கும் உள்ள தூரம், அதனால் தண்ணீரின் தரம். இருபத்துநான்கு கிணறுகள். என் கிணறும் அதில் ஒன்று, கடைசி எண். தூரம் குறையக் குறைய தண்ணீர் கெடும் என்பது என் எதிர்பார்ப்பு.

2011 ஜூன் 12, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் அறிவிப்பு வாசிக்கப்பட்டது. நான் எழுதிக் கொடுத்தது மூன்றே வரி: செவ்வாய், புதன் இரு நாளும் படிப்புக்காகக் கிணற்று நீர் எடுக்க வீடு வீடாக வருவேன், சபையார் ஒத்துழைக்க வேண்டும். உபதேசியாருக்கு எழுதிக் கொடுத்ததை மட்டும் வாசித்துப் பழக்கமில்லை. தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார்: "கிணற்றங்கரை எல்லாம் நல்ல சுத்தமா வச்சு நம்ம டீச்சர வரவேற்கணும்னு அன்போடு கேட்டுக்கொள்ளுகிறேன்."

ஷீபா சொல்லியிருந்தாள்: "சொல்லாமப் போங்க டீச்சர், அதான் நல்லது." ஷீபா என் ஆய்வுக்கு வழிகாட்டி. நாகர்கோவில் கல்லூரியில் விரிவுரையாளர், டாக்டர் பட்டம் பெற்றவள், என் மகளைவிட இளையவள். நேரில் 'மேடம்' என்றுதான் அழைக்கிறேன். முறை முறைதான். ஆனால் இதில் அவள் சொன்னதைக் கேட்க முடியாது. முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு வீட்டுப் படியில் கால் வைக்கக்கூடாது என்று கான்வென்ட்டில் எங்களை முழங்காலில் நிறுத்திச் சொல்லித் தந்தார்கள். அதுவும் பின்வாசலுக்கு, கிணற்றடிக்கு. எந்த நேரத்தில் யார் குளித்துக்கொண்டிருப்பார்களோ.

மஸ்கட்டிலிருந்து ஜெயா பேசினாள். "அம்மா, மழையில அலைஞ்சு காய்ச்சல்ல கெடந்தா யாரு பாப்பா? இந்த வயசுல எம்.எஸ்ஸி. எதுக்கு?"  மின்சாரம் போய்விட்டது என்று வைத்துவிட்டேன். மின்சாரம் போகவில்லை.

2011 ஜூன் 14, செவ்வாய்

இன்று மட்டும் பதினான்கு வீடு. கால் வீக்கம். மூக்கு முழுவதும் அடைத்துவிட்டது, காப்பிக்கும் கஷாயத்துக்கும் மணம் தெரியவில்லை.

ஊரே பரீட்சைக்கு உட்கார்ந்ததுபோல் இருந்தது. கிணற்றுச் சுவருக்குச் சுண்ணாம்பு. புதுக் கயிறு. ஒரு வீட்டில் கிணற்றடியில் நாற்காலி, அதன்மேல் வெள்ளைத் துண்டு. பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். ஸ்டெல்லா கைகட்டி நின்றாள். பத்தாம் வகுப்பில் என்னிடம் அறிவியலில் முப்பத்தொன்று வாங்கியவள், இப்போது பேரப்பிள்ளை எடுக்கப் போகிறாள். மகள் ஷெரின் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள்.

"டீச்சர், இதுக்கு எத்தற மார்க்கு?"

"மார்க் இல்லை. தண்ணீர் நல்லதா கெட்டதா, அவ்வளவுதான்."

"அப்ப பாஸ், பெயில் மட்டுமா? ஏட்டி ஷெரினே, பாஸானாப் போதுமாம்!"

நல்ல சிரிப்பு. நானும் சிரித்தேன். தூரம் அளக்கும்போது நாடாவின் மறுமுனையை அவள் கணவன் பிடித்தான். இருபத்தாறு அடி. எழுதிக்கொண்டேன்.

பதினான்கு வீட்டிலும் சாயா. ஒன்பதை மறுத்தேன்.

2011 ஜூன் 16, வியாழன்

நேற்று மீதி ஒன்பது வீடும் முடித்தேன், மாலையில் என் கிணற்றிலும் எடுத்தேன். புட்டிகள் சாப்பாட்டு மேஜையில் நான்கு வரிசை, வரிசைக்கு ஆறு. இரண்டு நாளாக நான் அடுப்படியில் நின்று சாப்பிடுகிறேன்.

செவ்வாயன்று எடுத்தவை பதினான்கும் தெளிவு. நேற்று எடுத்தவையும் தெளிவு. ஒன்றைத் தவிர.

இருபத்துநான்கு. என் வீடு. மை போலக் கறுத்துவிட்டது.

மாலை 4. மறுபடி பார்த்தேன். கறுப்புதான். யோசித்துப் பார்த்தால் விளங்குகிறது. கடைசிப் புட்டி, கை களைத்திருந்தது, மூடியின் உட்புறத்தில் விரல் பட்டிருக்க வேண்டும். ஊர் முழுவதும் சுத்தம், என் வீட்டில் மட்டும் அழுக்கு என்றால் யார் நம்புவார்கள். புட்டியை வாழை மரத்தடியில் கவிழ்த்து, கொதிநீரில் கழுவி, உடைத்துப் புதைத்தேன்.

மேஜையில் இருபத்துமூன்று. வரிசை கோணலாகிவிட்டது. அதை மாற்றி அடுக்கினேன்.

2011 ஜூன் 19, ஞாயிறு

கோயில் முற்றத்தில் என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். எங்க கிணறு பாஸா, எங்க கிணறு பாஸா. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். உபதேசியார் கையைக் குவித்து, "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம், நம்ம ஊரு கெணத்து வெள்ளம் தங்கமான வெள்ளமாக்கும்" என்றார். ஒருவர் மகளுக்குச் சம்பந்தம் பேச வருகிறார்களாம், மாப்பிள்ளை வீட்டார் தண்ணீரைப் பற்றிக் கேட்பார்களாம், எழுதித் தர முடியுமா என்றார். அதற்கு மறுத்தேன். ஆனால் பெருமையாக இருந்தது. ஊர் சுத்தமான ஊர் என்று நான் சொல்லி அவர்கள் கேட்பதில் ஒரு சுகம்.

ஸ்டெல்லாவின் மகளுக்கு வெள்ளியன்று ஆண் குழந்தை.

அயனிச் சக்கைப் பழம் அனுப்பியிருந்தார்கள், நான்கு வீட்டிலிருந்து. தங்கத்துக்குக் கொடுத்தேன்.

2011 ஜூன் 21, செவ்வாய்

நாகர்கோவில். பேருந்தில் நின்றுகொண்டே. மூக்கு தேவலை.

ஷீபா அட்டவணையைக் கீழிருந்து மேலாகப் பார்த்தாள். பேனாவால் தாடையைத் தட்டினாள்.

"ஒண்ணுகூட கறுக்கலியா டீச்சர்? இந்த மழையில?"

"ஊர் மேட்டில் இருக்கிறது மேடம். மண் நல்ல மண்."

"பதினெட்டு அடியில தொட்டி இருக்கிற வீடும் சுத்தம்னு வருதே."

"வந்ததைத்தானே எழுத முடியும்."

"அதுவும் செரிதான். தலைப்புல இருபத்துநாலுன்னு குடுத்தோமே, ஒண்ணு எங்க?"

"புட்டி உடைந்துவிட்டது."

சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. புட்டி உடைந்தது உண்மைதான். உடைத்தது நான்.

தலைப்பில் இருபத்துமூன்று என்று மாற்றிக்கொண்டாள். தூரத்துக்கும் மாசுக்கும் இவ்வூரில் தொடர்பு காணப்படவில்லை என்று முடிவுரை எழுதச் சொன்னாள். கையெழுத்துக்கு அடுத்த வாரம்.

திரும்பும் வழியில் இரணியலில் இறங்கி நெத்திலி வாங்கினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பல்லுக்கு ஆகாது என்று ஞாபகம் வந்தது.

2011 ஜூன் 30, வியாழன்

பைண்ட் ஆகி வந்துவிட்டது. மூன்று பிரதி. கரும்பச்சை அட்டை, பொன் எழுத்து. என் பெயர், முதலெழுத்தோடு, பிழையில்லாமல். முதல் பக்கத்தில் ஷீபாவின் கையெழுத்தும் துறை முத்திரையும். எழுபத்தெட்டுப் பக்கம். இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன், ஒரு எழுத்துப் பிழை, பக்கம் 41.

1962இல் திருவனந்தபுரத்தில் வேதியியல் முதுகலைக்கு இடம் கிடைத்தது. கடிதம் வந்த வாரத்தில் கல்யாணம் நிச்சயம். அப்பா கடிதத்தை மடித்து பைபிளுக்குள் வைத்தார், பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பிறகு முப்பத்தேழு ஆண்டு பத்தாம் வகுப்புக்கு அறிவியல். மேல்நிலைப் பிரிவு வந்தபோது, முதுகலை இல்லை என்று என்னைத் தாண்டி, என்னிடம் படித்த பெண்ணையே அந்த வகுப்புக்கு வைத்தார்கள். அவளுக்குப் பாடக்குறிப்பு எழுதிக் கொடுத்தது நான். என் கணவர் சொன்னார், "உனக்கு இனி எதுக்கு, சம்பளம் வருதுல்லா." நல்ல மனிதர். இது மட்டும் அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

ஒரு பிரதியை வரவேற்பறை மேஜையில் வைத்தேன். பெருமையடிப்பதுபோல் இருக்கிறது என்று எடுத்து அலமாரியில் வைத்தேன். மறுபடி மேஜைக்கு.

2011 ஜூலை 3, ஞாயிறு

பெண்கள் கூட்டம். ஜெபம் முடிந்து சாயா, முந்திரிக்கொத்து. என் படிப்பு முடியப் போகிறது என்று யாரோ சொல்ல, கைதட்டினார்கள். அப்போது ஸ்டெல்லா, வாயில் பாதி முந்திரிக்கொத்தோடு:

"டீச்சர் வாறாங்கன்னு உபதேசியார் வாசிச்ச அண்ணைக்கே எனக்க வீட்டுக்காரரு ஓடிப்போயி பிளீச்சிங் பவுடர் வாங்கிட்டு வந்தாரு. கெணத்துல ஒரு டப்பா முழுக்க கலக்கியாச்சு. ரெண்டு நாளு வாயில வைக்க முடியல்ல, அப்படி ஒரு மணம்."

"நாங்க ரெண்டு டப்பா."

"ஓகோ, அதாக்கும் உங்க வீட்டுக் கோழி வெளுத்துப் போச்சி!"

"பின்ன? டீச்சருக்கிட்ட பெயிலாயிட்டு கோயில்ல வந்து எப்பிடி மொகத்தக் காட்ட? பத்தாங்கிளாஸ்ல பட்டது போதாதா?"

ஒவ்வொருவரும் சொன்னார்கள். எத்தனை டப்பா, எப்போது, யார் வீட்டில் கடன் வாங்கியது. என்னைச் சிரிக்க வைப்பதற்காகச் சொன்னார்கள். அவர்களுக்கு அது மரியாதை. பள்ளி ஆய்வாளர் வரும் நாளில் நானே கரும்பலகைக்குக் கரி பூசவைத்திருக்கிறேன்.

சாயாக் கோப்பையைக் கீழே வைத்தேன். தட்டில் இடித்துச் சத்தம் வந்தது.

ஸ்டெல்லா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். "இப்ப வெள்ளம் காய்ச்சுற வேலையும் இல்ல. டீச்சரே நல்ல வெள்ளம்னு சொன்ன பெறவு எதுக்கு கேஸு சிலவாக்கணும்? பிள்ளைக்கு சீனி வெள்ளம் குடுக்கதும் அப்பிடியே கோரிக் குடுக்கதுதான்."

பதினாறு நாள் பிள்ளை.

நான் சொல்லியிருக்க வேண்டும், அங்கேயே, அந்த நொடியில்.  கைதட்டிய பெண்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, தலைவலி என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

நான்கு மணியிலிருந்து ஆறு மணிவரை வீட்டுக்குள் நடந்திருக்கிறேன். முன்னறை, அடுப்படி, பின்வாசல், கிணறு. ஜெயா அழைத்தாள், எடுக்கவில்லை.

வேதியியல் படித்தவள். குளோரின் மணம் தெரியாத மூக்கோடு இருபத்துமூன்று கிணற்றில் குனிந்திருக்கிறேன். குளோரின் அளவு பார்க்கும் சொட்டு மருந்தும் புட்டிகள் வந்த பெட்டியிலேயே இருந்தது. கிராமத்துக் கிணற்றில் குளோரின் எங்கே இருக்கப் போகிறது என்று திறக்கவே இல்லை.

2011 ஜூலை 4, திங்கள்

தங்கம் வருவதற்கு முன்பே பின்வாசலில் நின்றேன்.

"ஊரில் எல்லாரும் கிணற்றில் மருந்து போட்டது உனக்குத் தெரியுமா?"

"ஆருக்குத் தெரியாது?"

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"நீங்க கேட்டியளா? நான் வாயத் தொறந்தா 'தங்கம், பேச்சைக் குறை.' கொறச்சாச்சி."

"நம் கிணற்றில் மட்டும் ஏன் போடவில்லை?"

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "சோதிக்கிய ஆளுக்க கெணத்த ஆரு டீச்சர் சோதிப்பா?"

இருபத்துநான்கில் உண்மை சொன்ன ஒரே புட்டியை நான் உடைத்துப் புதைத்திருக்கிறேன்.

காலை 9. ஸ்டெல்லா வீடு. தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் பிள்ளைக்குக் கொடுக்காதே என்றேன். பிள்ளைக்குத் தாய்ப்பாலே போதும், சீனித் தண்ணீரே வேண்டாம் என்றும். அவள் முகம் சுருங்கியது.

"ஏன் டீச்சர்? நம்ம கெணறு பாஸ்தானே?"

"மருந்து போட்டதால் வந்த பாஸ் அது. மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு புட்டி கொண்டுவந்திருக்கிறேன்."

திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் வாசல் நிலையில் கைவைத்து நின்றான். மரியாதையாகத்தான் சொன்னான். "அண்ணைக்கு பாத்தாச்சுல்லா டீச்சர். குடுத்த மார்க்க திருப்பி வாங்குவாங்களா? பிள்ள பெத்த வீடு. ஊருல நாலு பேரு நாலு விதமா பேசுவாவ."

அடுப்பில் பாத்திரம் ஏறவில்லை. நான் போன பிறகும் ஏறியிருக்காது. அடுத்த வீட்டிலும் இதே கதை. அதற்கடுத்த வீட்டில் கதவைத் திறக்கவில்லை, உள்ளே டி.வி. சத்தம்.

ஷீபாவுக்குப் போன். ஊரார் மருந்து போட்டதைக் கேட்டுக்கொண்டாள். பிறகு: "டீச்சர், பைண்ட் பண்ணியாச்சு, கையெழுத்துப் போட்டாச்சு. பதினஞ்சாம் தேதி கொண்டு குடுத்துருங்க. யாரும் கெணத்த எட்டிப் பாக்கப் போறதில்ல. பட்டம் வந்த பெறவு ஊருக்கு நீங்க என்ன வேணா செய்யுங்க, நானும் வாறேன்."

கெட்டவள் இல்லை. என்மேல் உள்ள அக்கறையில் சொல்கிறாள். நானும் அதையேதான் நேற்று ஆறு மணிவரை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

2011 ஜூலை 5, செவ்வாய்

சாரல் விட்டுவிட்டது. புழுக்கம். ரத்தக் கொதிப்பு மாத்திரை போட்டேனா இல்லையா தெரியவில்லை, இரண்டாவது போடப் பயம்.

என் கிணற்றில் மறுபடி ஒரு புட்டி. கை சோப்புப் போட்டுக் கழுவி, வாளியைக் கொதிநீரில் அலசி, மூடியின் உட்புறம் தொடாமல். பிறகு நாடாவைத் தங்கம் ஒரு முனையில் பிடிக்க, தொட்டி வரை அளந்தேன். ஊர் முழுவதும் அளந்தவள், என் வீட்டுக்கு மட்டும் நினைவில் இருந்ததை எழுதியிருக்கிறேன்: முப்பத்தைந்து. அவர் கட்டும்போது அப்படித்தான் சொன்னார்.

இருபத்தொன்று.

"ஐயா இதுக்கு மேல அந்தப் பக்கம் தள்ளினா மாவு வெட்டணும்னு சொன்னாருல்லா," என்றாள் தங்கம். மாமரத்துக்காகத்தான் தொட்டியை இங்கே நிறுத்தினார் என்பது எனக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கு இருக்கிறது.

இத்தனை ஆண்டும் நான் நோயில்லாமல் இருந்தது, கொதிக்கவைத்துத்தான் குடிப்பது என்ற கான்வென்ட் பழக்கத்தால். அவர் அப்படியே குடிப்பார். வயிற்றுக்கோளாறு என்று அடிக்கடி படுப்பார். அதை இன்று நினைக்க விரும்பவில்லை.

2011 ஜூலை 6, புதன்

கறுப்பு.

2011 ஜூலை 8, வெள்ளி

புட்டியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனேன். யாருக்கும் சொல்லவில்லை. எட்டு மணிக்கு ஸ்டெல்லா வீட்டுப் பின்வாசலில் நின்று கூப்பிட்டேன். தலை வாராமல் வந்தாள். அவள் மாமியாரும் ஷெரினும் பிள்ளையும் அடுப்படியில்.

கைக்குட்டையைப் பிரித்து அம்மிக்கல்லின் மேல் வைத்தேன். மூடியைத் திறந்தேன். அழுகின முட்டை நாற்றம்.

"சீ! என்னதிது, கக்கூஸ் வெள்ளமா?" மாமியார் சேலையால் மூக்கைப் பொத்தினார்.

"கிணற்றுத் தண்ணீர்."

"ஆருக்க கெணறு? ஆருக்க வீட்டுல இந்த வெள்ளத்தக் குடிக்காவ?"

"என் வீட்டில்."

பிள்ளை சிணுங்கியது. எனக்கு முகம் சூடாகி, காது வரை சூடு. நாற்பது ஆண்டு இந்த ஊரில் மற்றவர்களின் பிழைக்குச் சிவப்பு மை வைத்திருக்கிறேன். நிற்க முடியவில்லை. ஆனால் நின்றேன்.

"அன்று முதல் சோதனையிலும் என் கிணறு கறுத்தது. நான் அதை மறைத்தேன். மருந்து போடாத கிணறு ஊரிலேயே அது ஒன்றுதான்."

ஸ்டெல்லா அருகில் வந்து புட்டியை உற்றுப் பார்த்தாள். பிறகு என் முழங்கையைப் பிடித்தாள். அறுபதடி தள்ளி நின்று வணக்கம் சொல்கிறவள்.

"டீச்சர், இருங்க. நீங்க வெசனப்படாதீங்க. எனக்க கெணறும் தோத்திருக்கும். நான் எண்ணைக்கு பாஸாயிருக்கேன்?"

அவளே வாளியை இறக்கினாள். மாமியார் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றினார். நீலச் சுடர் எரிவதைப் பார்த்த பிறகுதான் அங்கிருந்து வந்தேன்.

அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் செய்தி முந்திக்கொண்டது. வேலிக்கு அப்பால் கேட்டது: "ஏட்டி, கேட்டியா, டீச்சர் பெயிலாம்!" "போட்டி!" "ஒள்ளதாக்கும், கையில வச்சிட்டு நடக்காவ."

கதவுகள் திறந்தன. சில வீட்டில் புட்டியைப் பார்ப்பதற்காகவே திறந்தார்கள். இரண்டு பேர் மணந்தும் பார்த்தார்கள். ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள். உபதேசியார் எட்ட நின்று பார்த்துவிட்டு, "நான் அந்த ஒரு வரிய சேக்காம இருந்திருக்கலாம்," என்றார். நான் முழு அறிவிப்பையும் கொடுக்காமல் இருந்திருக்கலாம் என்றேன்.

பன்னிரண்டு வீடு. நாளை மீதி. யார் வீட்டிலும் சாயாவை மறுக்கவில்லை. வயிறு சரியில்லை.

2011 ஜூலை 11, திங்கள்

குளோரின் சொட்டு மருந்து விட்டும் பார்த்தாயிற்று. எந்தக் கிணற்றிலும் மருந்து மிச்சமில்லை. இருபத்துநான்கில் பதினாறு கறுப்பு. முப்பது அடிக்குள் தொட்டி உள்ள கிணறுகளில் ஒன்று மட்டும் தப்பியது, அதற்கு ஏன் என்று தெரியவில்லை, பாறை இருக்கலாம். நாற்பதைத் தாண்டியவை எல்லாம் தெளிவு. நான் முதலில் எதிர்பார்த்தது சரியாகவே இருந்திருக்கிறது. சரியாக இருந்ததைத் தவறு என்று எழுதி, பொன் எழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன்.

ஸ்டெல்லாவின் புட்டி கறுப்பு. போய்ச் சொன்னேன். "சொன்னேம்லா," என்றாள், ஏதோ ஜெயித்தவள்போல். பிள்ளை நன்றாக இருக்கிறது. சீனித் தண்ணீர் நின்றது. மாமியாருக்கு என்மேல் அதனால் வருத்தம்.

பதினாறு வீட்டுக்கும் தனித்தனியாகச் சீட்டு எழுதினேன். கொதிக்கவையுங்கள், பத்து நிமிடம். தொட்டியில் வெடிப்பு உண்டா பாருங்கள். என் வீட்டுச் சீட்டையும் எழுதினேன், வேறு யார் எழுதுவார்கள். தங்கம் அதைக் கிணற்றுத் தூணில் ஒட்டினாள். தலைகீழாக. மாற்றச் சொன்னேன்.

2011 ஜூலை 13, புதன்

நாகர்கோவில். புதிய அட்டவணையை ஷீபாவின் மேஜையில் வைத்தேன். இந்த முறை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"இது நல்ல வேலை டீச்சர். மொதல்ல குடுத்தத விட நூறு மடங்கு." பிறகு, "ஆனா நேரமில்ல. புதுசா எழுதி, துறைக் குழு பாத்து, கையெழுத்தாகி... ஒரு மாசமாவது ஆகும். ரெண்டு நாள்ல நடக்காது. கேட்டுப் பாத்துட்டேன், அவகாசம் கெடையாதாம்."

"தெரியும்."

"பழையதக் குடுப்போம். பின்னாடி ஒரு திருத்தக் குறிப்பு ஒட்டிரலாம்."

"முடிவுரையே பொய் மேடம். அதன்மேல் எங்கே ஒட்டுவது?"

"உங்க பேருல ஒரு பட்டம் டீச்சர். அஞ்சு வருஷம். எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது." கண் கலங்கியது அவளுக்கு. எனக்கு எரிச்சலாக வந்தது, ஏனென்றால் எனக்கும் கலங்கியது.

புட்டி உடைந்தது என்று அன்று சொன்னேனே, அதையும் சொன்னேன். நான் கொடுத்த எண்களை நம்பித்தான் நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள், மன்னிக்க வேண்டும் என்றேன். எழுந்து நின்று சொன்னேன். அவளும் எழுந்துவிட்டாள். இரண்டு பேரும் எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமல் நின்றோம்.

2011 ஜூலை 15, வெள்ளி

காலை 6. பச்சை அட்டைப் பிரதிகள் மூன்றையும் பையில் வைத்தேன். 7. எடுத்து வெளியே வைத்தேன். 8. சேலை மாற்றினேன், நாகர்கோவிலுக்கு உடுத்துகிற சேலை. அலுவலகம் மாலை நான்கு வரை.

9.30 பேருந்து போனது. சத்தம் கேட்டது. 10.15. பிறகு 11.

12. தங்கம் கேட்டாள், "எங்கயும் போறியளா?" "இல்லை." "பின்ன எதுக்கு பட்டுடுத்து இருக்கிய?"

2.10. இதுதான் கடைசி, இதில் ஏறினால் நான்குக்குள் போய்விடலாம். வாசல்வரை போனேன். செருப்பும் போட்டேன். அந்த ஐந்தாண்டுக்காக அல்ல, 1962க்காகப் போட்டேன். பேருந்து வளைவில் திரும்பி, நின்று, இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போயிற்று.

4. கடிகாரம் அடித்தது. ஒன்றும் ஆகவில்லை. பால்காரர் வந்தார்.

நான்கரைக்குக் கொத்தனார் வந்து தொட்டியைத் திறந்தார். கிணற்றுப் பக்கச் சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. இடித்து அந்த மூலைக்குத் தள்ள வேண்டும் என்றார், மாமரத்தை வெட்ட வேண்டும். வெட்டுங்கள் என்றேன்.

2011 ஜூலை 19, செவ்வாய்

வெயில். துணி காய்ந்தது. இரண்டு நாளாக மாவின் கிளைகளை இறக்குகிறார்கள், வீட்டில் மரத்தூள்.

ஷீபா தபாலில் அனுப்பியது வந்தது. முதலாண்டுச் சேர்க்கை விண்ணப்பம், எட்டுப் பக்கம். கூடவே ஒரு சீட்டு: 'கோபப்படாதீங்க டீச்சர். கடைசி நாள் ஆகஸ்ட் இறுதி.' கோபப்படவில்லை. நானே போன் செய்து கேட்க இருந்தேன், இரண்டு நாளாகத் தள்ளிப்போட்டேன்.

ஜெயாவிடம் சொன்னேன்.  "முடிக்கும்போது எழுபத்தி ரெண்டு அம்மா." நான் படிக்காவிட்டாலும் எழுபத்திரண்டுதான் ஆகும் என்றேன்.

கறுப்பு மை. பெயர், பிறந்த தேதி, பெற்ற பட்டம் எல்லாம் நிரப்பியாயிற்று. வயதுக் கட்டத்தில் இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம், நல்லது. ஆறாம் பக்கத்தில் ஒரு கேள்வி: இப்படிப்பில் முன்பு சேர்ந்ததுண்டா? ஆம். முடித்தீர்களா? இல்லை. இல்லையெனில் காரணம் கூறுக, ஒரு வரியில்.

உடல்நலக் குறைவு என்று எழுதலாம். கண் அறுவைச் சிகிச்சைக்குச் சான்றிதழ் கையில் இருக்கிறது. எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்களாம், தங்கம் கூடச் சொல்கிறாள். பேனாவை மூடி வைத்தேன். மீன்காரி வந்தாள், சாளை வாங்கினேன், திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

எழுதியது: இருபத்துநான்கு கிணறுகளில் என் கிணற்றை மட்டும் விட்டுவிட்டேன்.